ஒன்பதாம் ஃபாரம்

"ராஜா பாடம் ரெண்டையும் ஒரே புத்தகத்துல போடுங்க சார்."

கேட்டேவிட்டாள். எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே பைண்டிங் அக்கா காதைத் திருகாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். ப்ரூஃப் பார்க்கிற பெண் பிழையைக் காட்டலாம். பாடத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அங்கே அதுதான் வழக்கம்.

ஆற்றின் இரண்டு கரைக்கும் ஐந்தாம் வகுப்பு வரலாறு இந்த அச்சகத்தில்தான் அச்சாகிறது. எட்டெட்டுப் பக்கமாக அச்சாகி வரும் தாளை ஃபாரம் என்பார்கள். எல்லா ஃபாரமும் இரண்டு கரைக்கும் பொது. ஒன்பதாவது மட்டும் கரைக்கொன்று. அறுபத்தைந்தாம் பக்கம் முதல் எழுபத்திரண்டு வரை ராஜா.

இக்கரைக்குப் போகும் ஒன்பதில், ஆற்றைத் தாண்டி ஏழு ஊர்களை வென்று வந்து, வெள்ளத்தை மறித்து அணை கட்டிய மாவீரன்.

அக்கரைக்குப் போகும் ஒன்பதில், அந்த ஏழு ஊர்களையும் கொளுத்தி, மிஞ்சியவர்களைக் கயிற்றில் கட்டி இழுத்துப்போன பாவி.

இழுத்துப்போனதே அந்த அணையைக் கட்டத்தான். அது மட்டும் எந்த ஒன்பதிலும் கிடையாது.

இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள். இதோ, எதிரே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்கிறார்.

"ரெண்டுல எதும்மா பொய்?"

"ரெண்டும் பொய்யில்ல சார். அதனாலதான் கேக்கறேன்."

"பிள்ளைங்க குழம்பிடும்மா. நல்லவனா கெட்டவனான்னு கேட்டா வாத்தியார் என்னத்தச் சொல்லுவார்?"

"அவரும் கொஞ்சம் குழம்பட்டுமே."

சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

செங்கல் சூளை எங்கே புகைகிறதோ அங்கே அப்பா. அப்பா எங்கேயோ அங்கே அவளுடைய பள்ளிக்கூடம். அக்கரையில் ஐந்தாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சையில் ராஜா கொடியவன் என்று எழுதி முழு மார்க் வாங்கினாள். இக்கரையில் அரையாண்டு. அதே கேள்விக்கு அதே பதில். முட்டை. போதாதற்கு வகுப்பு வாசலில் முட்டி போட வைத்தார்கள்.

"படிச்சத ஒழுங்கா எழுதறதுக்கு என்ன?" என்று அப்பா வேறு. படித்ததைத்தான் எழுதினேன் என்று அந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது? வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கியும், அந்த முட்டை மட்டும் இன்னும் செரிக்கவில்லை.

பதிப்பாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்தப் பேச்ச இதோட விடு. இல்லன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"சரிங்க சார்."

"எதுக்குச் சரி?"

அவள் சிவப்புப் பேனாவை மூடி அவர் மேசையிலேயே வைத்தாள். டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள்.

கீழே பைண்டிங் கூடம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. பசை வாசனை மட்டும் பாக்கி. பெருக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"கேட்டுட்டியாடி?"

"கேட்டேன்க்கா. அவர் சரின்னுட்டா, செஞ்ச நல்ல பேர் அவருக்கே போகட்டும்னு பார்த்தேன்."

"யாராவது வந்து கேட்டா, சீட்டுல இருந்தபடி அடுக்கினேன், எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"அப்படியே சொல்லுக்கா. அதானே நெசம்."

எந்த ஃபாரத்துக்கு அடுத்து எந்த ஃபாரம் என்கிற சீட்டைப் போன வாரம் எழுதியவள் அவள். படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் பதிப்பாசிரியர்.

வாசலில் லாரிகள் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இன்னும் ஈரமாக இருந்தது. புத்தகங்களோடு காலையிலேயே கிளம்பியாயிற்று. ஒன்று இக்கரைப் பள்ளிகளுக்கு, ஒன்று அக்கரைக்கு.

வெயில் இதமாக இருந்தது. வெகுநாளுக்குப் பிறகு நல்ல பசி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

இனி எந்தக் கரையிலும் ஒரு பிள்ளை எழுபத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டினால், மறுபடியும் அறுபத்தைந்து வரும்.