சிவப்புப் பக்கம்

"உள்ள வரலாமா? கதவுல சிவப்பு தொங்குது, அதான் தட்டினேன்."

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த லேத் பட்டறைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கல்லூரி விடுதியில் இருக்கும் மகனைப் பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். அவரைக் கண்டதும் மகன் மேலும் கீழும் பார்த்தான். அவர் இடுப்பிலேயே கொஞ்ச நேரம் கண்ணை வைத்தான். "டீ வாங்கிட்டு வரேன்ப்பா" என்று கீழே இறங்கிப் போய்விட்டான்.

"என்னம்மா சிவப்பு? இது என்ன ரயில்வே கேட்டா?"

அவள் சிரித்தாள். "இந்த விடுதியில பிள்ளைங்களோட நலம் பாக்கறது என் வேலை, ஐயா. கதவு அக்கான்னு கூப்பிடுவாங்க." கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினாள். "பச்சைப் பக்கம் இருந்தா எல்லாம் சரி. சிவப்புப் பக்கம் இருந்தா மனசு சரியில்ல, யாராவது வந்து கூட இருங்கன்னு அர்த்தம். சிவப்பைப் பாத்தா வந்து உக்காருவேன்."

"உக்காந்து?"

"அவ்வளவுதான். பேசினா கேப்பேன். பேசலேன்னா சும்மா இருப்பேன்."

"சும்மா உக்கார்றதுக்குச் சம்பளமா! என் பட்டறையிலயும் ஒருத்தன் அப்படித்தான் உக்காந்திருந்தான். அனுப்பிட்டேன்."

வாய்தான் அப்படிப் பேசியது. கண் அந்த அட்டையை விட்டு நகரவில்லை. மனசு சரியில்லையா? அவனுக்கா? எழுந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைப் பரபரவென்று இழுத்தார்.

"இந்தப் படிப்பே வேணாம். இப்பவே கூட்டிட்டுப் போறேன். கல்லு மாதிரி புள்ளைய அனுப்பினேன், சிவப்பு மாட்டி வெச்சிருக்கீங்க. எத்தனை நாளாத் தொங்குது இது?"

"காலையில நான் இந்தப் பக்கம் வந்தப்ப பச்சையாத்தான் இருந்தது, ஐயா. இப்பதான் மாறியிருக்கு."

கொடியில் கிடந்த மகன் சட்டையை உருவிய கை அப்படியே நின்றது. காலையில் பச்சை. அப்பன் வந்து இறங்கியதும் சிவப்பு. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதற்கு?

"ஓஹோ. அப்ப நான் வந்தது துரைக்கு ஆகல."

"அப்படி இருக்காது, ஐயா."

"வேற எப்படி இருக்கும்?"

சட்டையைப் பெட்டியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். சொன்னபடியே சும்மா இருந்தாள். வாயே திறக்காத ஆளோடு எவ்வளவு நேரம்தான் சண்டை போட முடியும்?

"வராம வேற என்னம்மா பண்றது?" என்றார் திடீரென்று. "இவன் அம்மா போய்ச் சேந்ததிலேருந்து வீட்டுல இருப்புக் கொள்ளல. பட்டறையிலயே துணிய விரிச்சுப் படுத்துக்கறேன். லீவு நாள்லகூட மெஷினைப் போட்டு விட்டுடுவேன். வேலை ஒண்ணும் இருக்காது, சும்மா சுத்தும். ஒரு சத்தம் வேணும்ல?"

"சாப்பாடு?"

"ஒருத்தனுக்கு ஆக்க அளவு தெரிய மாட்டேங்குதும்மா. எப்பப் பாத்தாலும் ரெண்டு பேருக்கு ஆயிடுது. அதைப் பாத்ததும் தொண்டையில இறங்க மாட்டேங்குது. தெரு நாய்க்கு வெச்சுடறேன். அது நல்லாப் பெருத்துப் போச்சு."

அவள் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே மகன் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் அவன்கிட்ட சொல்லிடாத தாயி. படிக்கிற புள்ள. ராஜா மாதிரி இருக்கேன்னு போன்ல அளந்து வெச்சிருக்கேன். மொகத்தைப் பாத்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். அதுவே அவனுக்குப் பாரம்னா எனக்கு இங்க என்ன வேலை?"

பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். அதே நேரம் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு மகன் வந்தான். இரண்டு கையிலும் சேர்த்துப் பிடித்திருந்தான், மூன்று டீ.

அவர் டீயைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நீ போறப்ப நான் ஒருத்தன்தானடா இருந்தேன். மூணு எதுக்கு?"

"அக்கா வந்திருப்பாங்கன்னு தெரியும்ப்பா. நான்தானே அட்டையைத் திருப்பிட்டுப் போனேன்."

"அப்பன் வந்தது அவ்வளவு கஷ்டமாயிடுச்சாடா உனக்கு?"

மகன் டீயை மேசையில் வைத்தான். அவர் தோளில் இருந்த பையைக் கழற்றிக் கட்டிலில் போட்டான். பிறகு அவருடைய பெல்ட்டைத் தொட்டான். பழைய துளைகளையெல்லாம் தாண்டி, ஆணியால் குத்திய புதுத் துளை ஒன்றில் அது மாட்டியிருந்தது.

"போன்ல ராஜா மாதிரி இருக்கேன்னீங்க. நான் கேட்டா இப்பவும் அதையேதான் சொல்லுவீங்க" என்றான். "அந்தச் சிவப்பு எனக்கு இல்லப்பா, உங்களுக்கு."