பெயருக்கு முன்னால்

இந்தோனேசியாவின் மெடான் நகரத்தில் இறந்தவர் பெயருக்கு முன்னால் ‘மெண்டியாங்’ என்று சேர்ப்பதுதான் மரியாதை. கடலுக்குப் போன வைரவன் திரும்பாமல் மாதங்கள் ஆனபோது, மீன் விற்கும் பொன்னுத்தாய்தான் முதலில் அப்படிச் சொன்னாள். அவன் மனைவி தையல்நாயகி சீறினாள்.

“பொணத்தப் பாத்தியா? அந்த வார்த்தைய ஒன் புருஷனுக்கு வெச்சுக்க.”

அதன் பிறகு யாரும் அவன் பேச்சையே எடுக்கவில்லை. தையல்நாயகியும் கணவன் பெயரை வாயால் சொல்லிப் பழகியவள் அல்ல. அந்தப் பெயர் காதில் விழுந்தே வெகுநாளாயிற்று. ஒரு மாலை பொன்னுத்தாயின் கூடையருகே வந்து உட்கார்ந்தாள்.

“மீன் வேணுமாக்கா?”

“இல்ல. அவரப் பத்தி ஏதாச்சும் பேசு.”

“பேசுனா அந்த வார்த்தை வந்துருமேக்கா.”

“வரட்டும். பேரோட சேத்துச் சொல்லு.”