இழுத்து வாசிக்கிறவர்

“மெதுவான இடம் வந்தா போதும், இந்தப் பியானோக்காரர் ஜவ்வு மாதிரி இழுக்கறார். இதைத் தினமும் கேக்கணுமா?” என்றார் கணவர், மனைவி தினமும் போடும் பழைய கச்சேரிப் பதிவைக் கேட்டு. பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து புதுப்பதிப்பு போடுவது அவர் வேலை.

“உங்களுக்கு அவர் மேல பொறாமை” என்று சிரித்தாள் மனைவி.

மறுவாரம் அதே கச்சேரியின் புதுப்பதிப்போடு வந்தார். “தும்மல், செருமல், நாற்காலிச் சத்தம் எல்லாத்தையும் எடுத்தாச்சு.”

அவள் முகம் வெளிறியது. “எல்லாத்தையுமா?”

அவர் பதிவை ஓடவிட்டார். மெதுவான பகுதி வந்ததும் வழக்கம்போல் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பியானோ அடங்கிய நொடியில், கூட்டத்திலிருந்து இரண்டு இருமல். முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

அவள் கண் நிறைந்தது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உன் முதல் புருஷனோட நீ போன கச்சேரி. டிக்கெட் ரெண்டும் உன் போட்டோ ஆல்பத்துல இருக்கே. அந்த இருமல் வர்ற இடத்துல நீ மூச்சைப் பிடிக்கறதைத் தினமும் பாக்கறேனே. செத்துப்போன மனுஷன் குரல்னு உங்கிட்ட இருக்கறது அந்த இருமல் ஒண்ணுதான். மூணு தடவை அழிச்சேன். மூணு தடவையும் மனசு கேக்காம திரும்ப வச்சேன்.”

அவள் அவர் கையைப் பிடித்தாள்.

“பியானோக்காரர் மேல எனக்கென்ன பொறாமை?” என்றார் அவர். “ஒரு இருமலைக் கேட்டு வயிறெரிஞ்சவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.”