மயில் திரை

மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டோ அனுப்ப வேண்டும். சித்தூரின் நல்ல ஸ்டுடியோக்களையெல்லாம் வேண்டாமென்று தள்ளிவிட்டு, கடைத்தெரு மூலையில் இருந்த ஒரு ஸ்டுடியோவின் மயில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள் பிளெஸ்ஸி.

“இன்னாடி, இங்க எடுத்தா எப்பேர்ப்பட்ட அழகியும் தூங்கி எழுந்த மாதிரி இருப்பா,” என்றாள் அக்கா கேசியா.

“அதுக்குத்தான் வந்தேன். அந்தத் திருப்பதிக்காரன் பார்த்ததும் வேணாம்னு சொல்லணும். எனக்கு இப்போ கல்யாணம் வேணாம்.”

படம் அவள் நினைத்தபடியே வந்தது. அரைக்கண், கோணல் வாய்.

மறுநாள் அக்காவின் போனுக்கு மாப்பிள்ளை அனிலின் படம் வந்தது. அரைக்கண், கோணல் வாய், பின்னால் அதே மயில்.

அக்கா சிரித்தாள். “திருப்பதியில ஸ்டுடியோவே இல்லியா? இதுக்குன்னே சித்தூர் வரைக்கும் வந்துகீறான். அவனுக்கும் கல்யாணம் வேணாம் போலகீது.”

பிளெஸ்ஸி போனை வாங்கி இன்னொரு முறை பார்த்தாள்.

“நைனாகிட்ட சரின்னு சொல்லுக்கா.”