நின்ற ஒளியும் படுத்த ஒளியும்

“ஹலோ மலை! மறுபடியும் கலக்குதுங்க. அங்க என்ன பண்றீங்க?”

ஸ்பீக்கர் போனில் துறைமுகத்தின் குரல் கேட்டதும், மலை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். சரிசெய்ய அங்கே ஏழெட்டு முடிகள்தான் மிச்சம்.

“நான் ஒண்ணும் பண்ணலைங்க. கம்பி மேல காக்கா உக்காந்திருக்கும்.”

“நேத்து வெயில்னீங்க. முந்தாநாள் லாரின்னீங்க.”

“இது குண்டுக் காக்காங்க. உக்காந்தா கம்பமே சாயும்.”

அந்தப் பக்கம் கலகலவென்று சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகக் காக்காவை யானையாக்கவும் மலை தயாராக இருந்தார்.

இவர் மலையடிவார நிலையத்து இன்ஜினியர். அவர் துறைமுக நிலையத்து இன்ஜினியர். போனில் நிலையத்தின் பெயரே ஆளுக்கும் பெயராகிவிட்டது. நேரில் பார்த்ததே இல்லை. இருவருக்கும் நடுவே ஓடுவது முடியளவு மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் இரண்டு ஒளிகள். ஒன்று நின்றபடி அசையும், மற்றது படுத்தபடி அசையும். ஒன்றில் ஒன்று கலக்காதவரை ஒரே இழையில் இரு மடங்கு செய்தி போகும். இழை கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் போதும். நின்றது சாயும், படுத்தது எழும், அப்புறம் சந்தைக்கடைதான். ஒளிகளைக் கோடுகளாகக் காட்ட ஒரு திரையும், சரிசெய்ய இழை சுற்றிய மூன்று வட்டத் தகடுகளும் இருவர் மேஜையிலும் இருந்தன. விரலால் பூப்போலத் திருப்பினால் ஒளி நிமிர்ந்துவிடும்.

உண்மையில் காக்கா ஒரு பாவமும் அறியாது. இணைப்பு எப்போதோ சுத்தமாகிவிட்டது. சுத்தமான அன்று முழுக்கப் போன் அடிக்கவில்லை. ஒண்டிக்கட்டையான மலைக்கு அன்று சோறு இறங்கவில்லை. வீட்டுச் சுவர்கூட அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. மறுநாள் நடுத் தகட்டை ஒரு நூலளவு திருப்பிப் பார்த்தார். உடனே போன் அடித்தது! அதிலிருந்து தினமும் ஒரு நூல், தினமும் ஒரு போன்.

“மலை, ஒரு விஷயம்...” துறைமுகத்தின் குரல் தணிந்தது. “மேனேஜர் கத்தினார். இன்னைக்குச் சாயங்காலச் சோதனைல தேறியாகணுமாம்.”

“தேறலைன்னா?”

“கலங்கின ஒளி என் பக்கத்துலேர்ந்துதானே வருது? எனக்கு வேலை தெரியலைன்னு மேலிடத்துக்கு எழுதிடுவாராம்.”

மலை நடுத் தகட்டைப் பார்த்தார். தான் செய்த கூத்துக்கு அவர் தலையா உருள வேண்டும்?

“சரி, தேறிட்டா?”

“உங்களை வேற லைனுக்கு மாத்திடுவாங்க. எனக்கு எதிர்முனைல வேற யாராவது வருவாங்க. சரி விடுங்க. உங்களுக்கும் நிம்மதிதானே. தினம் என் தொணதொணப்பைக் கேக்க வேண்டாம்.”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க” என்று மட்டும் சொன்னார் மலை. உலகத்துச் செய்தியையெல்லாம் இழைக்குள் அனுப்பத் தெரிந்தவருக்குத் தன் ஒரு வரியை அனுப்பத் தெரியவில்லை.

சாயங்காலம் வந்தது. மலை மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுத் தகட்டைப் பழைய இடத்துக்கே திருப்பினார். திரையில் இரண்டு கோடுகளும் சண்டை போட்ட சம்பந்திகள்போல ஆளுக்கொரு பக்கம் விலகி நின்றன. இனி கை துறுதுறுக்கக் கூடாது என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“சுத்தமா இருக்குங்க துறைமுகம். சோதனையை ஆரம்பிச்சுடலாம்.”

“சுத்தமாவா? நல்லாப் பாருங்க.”

“துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. உங்களுக்கு நல்ல பேருதான் வரும்.”

“ஓ... அப்போ அவ்ளோதானா?”

“அவ்ளோதாங்க.” மலையின் கண்ணில் திரை மங்கியது.

மங்கலைக் கண்சிமிட்டி விரட்டிவிட்டுப் பார்த்தால், நின்ற கோடு மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. படுத்த கோடு எழுந்தது. அடுத்த நொடி இரண்டும் கட்டிப்பிடித்துப் புரண்டன.

மலை தன் தகடுகளைப் பார்த்தார். அவை அசையவில்லை. கைகள் தொடைக்கு அடியில் மரத்துக் கிடந்தன.

“பாத்தீங்களா, மறுபடியும் கலக்குது!” என்றது துறைமுகத்தின் குரல், கொஞ்சம் மூச்சிரைக்க. “மேனேஜர் என்ன வேணா எழுதிக்கட்டும். நாளைக்கும் நீங்கதான் போன்ல வரணும்.”

குரலுக்குப் பின்னால், ஸ்பீக்கரில், ஒரு வட்டத் தகடு மெல்லத் திரும்பும் கிரீச்சொலி இன்னும் நிற்கவில்லை.