மாப்பிள்ளைக்கு ஒரு பை

"இதுக்குள்ள ஒரு ஆளையே மடக்கி வெச்சுடலாம் போலிருக்கே!" என்றார் அவர், பையின் வாயைப் பிளந்து பார்த்தபடி.

கடைக்காரப் பெண் சிரித்தாள். "ஆள் வேணாம் சார், ஆள் போட்டுக்கிறதெல்லாம் அடங்கும். ரப்பர் உடுப்பு, காலுக்குத் துடுப்பு, மூச்சுக் கருவி, எல்லாத்துக்கும் இடம் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பிரேக் மேல் கால் வைத்தே காலத்தைத் தள்ளியவர். தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் கரையேறிவிடுகிற ஜாதி. அப்படிப்பட்டவரிடம் போன வாரம் ஒரே மகள் ஃபோனில், "அப்பா, நான் கட்டிக்க நினைக்கிறவர் தண்ணிக்கடியில வேலை பார்க்கிறார். சுறாவுக்குச் சாப்பாடு போடுவார்" என்றாள். மீதியைக் கேட்கத் தெம்பில்லாமல் ஃபோனை மனைவி கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தடவை நேர்ல பாருங்கப்பா. பை வாங்கப் போறார், நீங்களும் கூடப் போங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்று மகள் கெஞ்சியதால்தான் இந்தக் கடை. சொல்லப் போகும் பதிலை அவர் வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். பையை வாங்கிக் கொடுத்துவிட்டு, மனசு நோகாமல் சொல்லிவிட வேண்டியதுதான்.

கூட வந்த பையன் அதற்குள் நான்கு பைகளைத் தரையில் பரப்பிவிட்டான். ஒவ்வொன்றின் ஜிப்பையும் கடைசி வரை இழுத்தான், மூடினான், மறுபடி இழுத்தான். தையல் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"இந்த வலைப்பை லேசா இருக்கும். தண்ணி தானா வடிஞ்சிடும்" என்றாள் கடைக்காரப் பெண்.

"வழியெல்லாம் சொட்டும்க்கா. பின்னாடி வர்றவங்க வழுக்கி விழுந்துட்டா?"

பின்னால் வருகிறவனைப் பற்றிக் கவலைப்படுகிறான்! பதினெட்டு வயதிலிருந்து அறுபது வயது வரை எத்தனையோ பேருக்கு வண்டி பழக்கியும் அவரால் சொல்லிக்கொடுக்க முடியாமல் போன பாடம் அது. அவருக்கு அவனைக் கொஞ்சம் பிடித்துப்போனது. பிடித்துப்போனதில் எரிச்சலும் வந்தது.

"சக்கரம் வெச்சது வேணுமா தம்பி?" என்று கேட்டு வைத்தார்.

"வேணும் சார். ஆனா அகலம் கூடாது. மூணாவது மாடிக்குக் கொண்டு போகணும், லிஃப்ட் ரொம்பக் குறுகல்."

குடியிருக்கும் வீடும் மூன்றாவது மாடியா என்று அவர் மனசுக்குள் ஒரு குறை சேர்த்துக்கொண்டார். மறுப்பதற்குக் காரணம் கூடக் கூட நல்லதுதானே.

கடைக்காரப் பெண்ணுக்கு வேறு ஆர்வம். "சுறாவைக் கிட்டத்துல பார்த்திருக்கீங்களா?"

"தினமும் பார்க்கிறேனே. கையை நீட்டினா வந்து வாங்கிக்கும். பாவம், வயசாயிடுச்சு, ஒரு கண்ணு சரியாத் தெரியல. பக்கத்துல போய் ஊட்டினாத்தான் சாப்பிடுது."

கடைத் தரையில் அவருடைய வலது கால் தானாக அழுந்தியது. கண் தெரியாத சுறா! மீன் எது, மாப்பிள்ளை எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

கடைசியில் பையன் ஒல்லியாக, நெட்டுக்குத்தலாக நிற்கும் சாம்பல் நிறப் பையை எடுத்தான். அடியில் ஈரத்துணிக்குத் தனி அறை, உறுதியான சக்கரம், இரண்டு பக்கமும் பிடி. "இந்தப் பக்கப் பிடியை அவங்க பிடிச்சுக்கலாம் சார். நான் தனியாத் தூக்கினா உங்க பொண்ணு திட்டுவாங்க" என்று வெட்கப்பட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவரைக் கரைக்கப் பார்த்தது. இனியும் தள்ளிப்போட்டால் வாயே வராது. அவன் தோளைத் தொட்டு, கண்ணாடி அலமாரிப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போனார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்களைப் பத்தி ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கு ஒரு பையன் இருந்தா இப்படித்தான் இருக்கணும்னு நினைப்பேன். ஆனா, காலையில வேலைக்குப் போனவர் சாயங்காலம் திரும்புவாரான்னு என் பொண்ணு வாசலைப் பார்த்துக்கிட்டே நிக்கிற மாதிரி ஒரு வாழ்க்கையை என்னால குடுக்க முடியாது. இந்தச் சம்பந்தம் வேணாம். மன்னிச்சுடுங்க."

பையனின் முகம் விழுந்துவிட்டது. "என்ன சார் இது? காலையில போனா கடை திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். அதுல என்ன ஆபத்து?"

"கடையா? எந்தக் கடை?"

"நான் வேலை பார்க்கிற ஷாப்பிங் மால்தான். மூணாவது மாடியில பெரிய மீன் தொட்டி இருக்கே, அதுக்குள்ள இறங்கிக் கண்ணாடியில பாசி தேய்க்கிறேன், மீனுக்குத் தீனி போடுறேன். சுறா என் கை நீளம்தான் இருக்கும். அவங்க சொல்லலையா?"

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். மகள் சொல்லியிருப்பாள், இவர்தான் கேட்கவில்லை. இருந்தாலும் அவ்வளவு சீக்கிரம் பிரேக்கிலிருந்து கால் எடுத்துவிடுகிறவரா அவர்?

"சரி, லீவு நாள்ல? சிநேகிதங்களோட சேர்ந்து கடலுக்குள்ள இறங்குறது, கிறங்குறது...?"

பையன் ஓரடி பின்வாங்கினான்.

"கடலா? ஐயய்யோ மாமா, எனக்குக் கடல்னாலே பயம்!"