சிவப்புக் கோடு

படகின் ஜி.பி.எஸ். கருவித் திரையில் மட்டும்தான் அந்தச் சிவப்புக் கோடு தெரியும். கடலில் இரு பக்கமும் ஒரே நீலம்தான். யாருக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில், பல நாடுகள் கையெழுத்திட்டு மீன்களுக்கென ஒதுக்கிய பகுதி அது. படகு உள்ளே போனால் உரிமம் பறிபோகும். படகுக்காரர் ததேயு ராத்திரி தூண்டில் கயிற்றைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் விட்டிருந்தார். ஆனால் மிதவைகளில் தொங்கும் கயிறு நீரோட்டம் போகிற திசையில் போகும். விடிந்து பார்த்தால், முந்நூறு கொக்கிகளோடு பாதிக் கயிறு உள்ளே கிடந்தது. படகு கயிற்றோடு போய்த்தான் அதை ஏற்ற வேண்டும். நின்ற இடத்திலிருந்து இழுத்தால் பாரம் தாங்காமல் அறுந்துவிடும். “வெட்டி விடும் அத்தான், போனா போவட்டு,” என்றான் மச்சினன் பெர்க்மான்ஸ், தூரத்துக் காவல் கப்பலைப் பார்த்தபடி. “வெட்டினா கொக்கி சும்மா கெடக்குமாலே? மாட்டிச் சாவுற மீனே அடுத்ததுக்கு இரையாவும். வருசக்கணக்கா கொன்னுட்டே கெடக்கும்.” “அப்ப லைசென்ஸக் குடுத்துட்டு, சந்தையில மீன் வாங்கித் தின்னும்!” ததேயு கத்தியைக் கயிற்றில் வைத்தார். உள்ளே எதுவோ கடித்து இழுத்த துடிப்பு உள்ளங்கை வரை வந்தது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்து, காவல் கப்பலுக்குத் தன் படகின் பெயரைச் சொன்னார். பதில் வருமுன் சுக்கானைக் கோட்டுப் பக்கம் திருப்பினார்.